நுண்ணோக்கியும் அதன் விளக்கும்: அஞ்சுவதா, அறிவதா?

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., தாவரவியல்)

கண்ணுக்குப் புலனாகாத உலகத்தை மனிதன் கண்டறிந்து 350 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. 1665-ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அதில் தெரிந்த சிற்றறைகளுக்குச் 'செல்' என்று பெயரிட்டார். அவருக்கு மின்விளக்கு கிடையாது. எண்ணெய் விளக்கின் ஒளியை நீர் நிரம்பிய கண்ணாடிக் கோளத்தின் வழியே செலுத்திப் பொருளின்மேல் குவித்துப் பார்த்தார். அதே நூற்றாண்டில் ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்துவந்தவர் லீவன்ஹூக். அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர். இலத்தீன் மொழி அறிந்தவருமல்லர். தம் கையாலேயே லென்சுகளைத் தேய்த்துச் செய்து, குளத்து நீரிலும் பல்லழுக்கிலும் நெளியும் நுண்ணுயிர்களை உலகுக்குக் காட்டினார். 1680-இல் இலண்டன் இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

இவ்விருவரையும் இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. கருவியைத் தொட்டு, திருகி, துடைத்துப் பழகியவர்களுக்கே அந்தப் புதிய உலகம் கண்ணில் பட்டது. ஆனால் இன்று அறிவியல் பயிலும் நம்மில் எத்தனை பேர் நுண்ணோக்கியை அப்படிக் கையாண்டிருக்கிறோம்? செய்முறை வகுப்பில் நுண்ணோக்கி முன்கூட்டியே குவியப்படுத்தி மேசைமேல் வைக்கப்பட்டிருக்கும். நாம் வரிசையில் நின்று ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்போம். "பார்த்தாயா? சரி, அடுத்த ஆள்!" என்று குரல் வரும். பிறகு மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் படம் வரைவோம். கருவியில் கை வைத்தால், "உடைத்துவிடாதே, ஜாக்கிரதை!" என்ற எச்சரிக்கை எழும். எந்தத் திருகைத் திருகினால் என்ன உடையும், எந்தக் கம்பியைத் தொட்டால் என்ன நேரும் என்பதை மட்டும் யாரும் விளக்குவதில்லை.

தொடாமல் இருப்பதே பாதுகாப்பு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இது தவறு என்பது என் கருத்து. அறியாமல் ஒதுங்கி நிற்பது பாதுகாப்பு ஆகாது. அறிந்து தொடுவதே பாதுகாப்பு. அதற்கான காரணங்களை ஆசிரியப் பெருமக்கள் முன்பும் மாணவ நண்பர்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன்.

விளக்குக்கு 6 வோல்ட்டு, அடிப்பெட்டிக்கு 230 வோல்ட்டு

மின்விளக்கு பொருத்திய நுண்ணோக்கிகளில் பலவற்றில் 6 வோல்ட்டு, 20 வாட்டு ஹாலோஜன் விளக்கு இருக்கும். "ஆறு வோல்ட்டுதானே, ஷாக் அடிக்காது" என்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். விளக்குக்குப் போவது 6 வோல்ட்டு என்பது உண்மைதான். ஆனால் சுவரிலிருந்து கருவியின் அடிப்பெட்டிக்குள் நுழைவது 230 வோல்ட்டு. அதை 6 வோல்ட்டாகக் குறைக்கும் மின்மாற்றி அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. உள்ளே ஓர் ஒயரின் உறை நைந்து இரும்பு உடலைத் தொட்டுவிட்டால், நாம் இரு கைகளாலும் பிடித்திருக்கும் நுண்ணோக்கி முழுவதும் மின்சாரம் பாயும்.

இதிலிருந்து நம்மைக் காப்பது மூன்று முனைப் பிளக்கின் நில இணைப்பு முனை. அம்முனை மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். காரணம் கேட்டால் பலருக்குத் தெரியாது. பிளக்கைச் செருகும்போது நில இணைப்பு முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். அப்படியிருக்க, துளை பொருந்தவில்லை என்று இரண்டு முனை அடாப்டரை இடையில் செருகுவதும், பிளக்கே இல்லாமல் ஒயர் நுனிகளைத் துளையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவதும் எவ்வளவு பெரிய அறியாமை! எரிந்துபோன ஃபியூசுக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவதும் அதைப் போன்றதே. ஃபியூசு உருகுவதற்கென்றே இருப்பது. அதை உருகாமல் செய்துவிட்டால் ஒயர்தான் உருகும், மேசை தீப்பற்றும்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் தந்தையார் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். ஆயினும் கிணற்று மோட்டாரை இயக்கும்போது ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடமாட்டார். நில இணைப்புக் கம்பி அறுந்திருக்கிறதா என்று பாராமல் மோட்டாரை ஓட்டமாட்டார். அவருக்கு ஓம் விதி தெரியாது. ஆனால் கருவியோடு அன்றாடம் பழகியதால் அதன் ஆபத்து தெரியும். ஓம் விதியைத் தேர்வில் பிழையின்றி எழுதும் நாம், ஊறவைத்த தாவரத்தை அறுத்த ஈரக் கையோடு நுண்ணோக்கியின் ஸ்விட்சை அழுத்துகிறோம். படிப்புக்கும் பழக்கத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை ஆய்வகம்தான் நிரப்ப வேண்டும்.

ஹாலோஜன் விளக்கைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. எரியும்போது அதன் குவார்ட்சு உறை 250 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும். அவ்வளவு சூடு இருந்தால்தான் ஆவியான டங்ஸ்டன் உறையில் கரியாகப் படியாமல் மீண்டும் இழைக்குத் திரும்பும். ஆகவே அணைத்தவுடன் விளக்கைக் கழற்றப் போனால் விரல் வெந்துபோகும். பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரமேனும் ஆறவிட்டுத்தான் மாற்ற வேண்டும். புதிய விளக்கை வெறும் விரலால் தொடவும் கூடாது. விரலின் எண்ணெயும் வியர்வை உப்பும் படிந்த இடம் சூட்டில் கெட்டு, விளக்கு விரைவில் வெடிக்கவோ பழுதாகவோ நேரிடும். அது வரும் பாலிதீன் உறையாலோ, சுத்தமான துணியாலோ பிடித்துப் பொருத்தினால் போதும். ஒளியைத் தேவைக்கு மேல் கூட்டி வைப்பதும் விளக்கின் ஆயுளைக் குறைக்கும். வகுப்பு முடிந்ததும் ஒளியைக் குறைத்துவிட்டு அணைப்பது நல்ல பழக்கம்.

ஆடியும் வெயிலும்

மின்சாரம் இல்லாத ஆடி வைத்த நுண்ணோக்கிகளில் ஆபத்தே இல்லை என்று கருத வேண்டா. ஜன்னலோரம் அமர்ந்து ஆடியைத் திருப்பும்போது, கூடுதல் வெளிச்சம் வேண்டுமென்று நேரே கதிரவனை நோக்கித் திருப்புவோர் உண்டு. ஆடியும் அதன் மேலுள்ள ஒளிகுவிப்பியும் சேர்ந்து அவ்வொளியைக் குவித்துக் கண்ணுக்குள் செலுத்திவிடும். விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அது வெந்தாலும் அந்நேரத்தில் நமக்கு வலிக்காது. சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி தோன்றும்போதுதான் தெரியும். அது முழுதும் மறையும் என்ற உறுதியும் இல்லை. எனவே வெயில் நேராகப் படாத ஜன்னல், வெண்மேகம், வெள்ளைச் சுவர் ஆகியவற்றின் ஒளியே நமக்குப் போதும்.

ஒளி கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்றால் என்ன செய்வது என்பதையும் நாம் சரிவரக் கற்கவில்லை. ஒளிகுவிப்பியின் கீழுள்ள இதழ்த் துளையை மிகவும் சுருக்கிவிட்டால் படம் அழுத்தமாகத் தெரிவதுபோல் தோன்றும். நுண்ணிய விவரங்கள் மறைந்துபோகும். ஒளியைச் சீராக அமைக்கும் முறையை ஜெர்மானியரான ஆகஸ்ட் கோலர் 1893-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். ஒளி சரியாக அமைந்தால் கண் கூசுவதில்லை. விளக்கை முழு அளவில் எரிக்க வேண்டியதும் இல்லை. நல்ல படத்துக்கான முறையே கண்ணுக்கும் நன்மையான முறையாக இருக்கிறது.

லென்சைக் காப்போம், கண்ணையும் காப்போம்

பாதுகாப்பு என்றால் மின்சாரம் மட்டுமன்று. நாற்பது மடங்கு லென்சுக்கும் ஸ்லைடுக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இடைவெளி. நூறு மடங்கு எண்ணெய் லென்சுக்கோ அதனினும் மிகக் குறைவு. கண்ணை மேலே வைத்துக்கொண்டு பெரிய திருகைக் கீழ்நோக்கித் திருகினால் லென்சு ஸ்லைடை நொறுக்கும். முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்து, பக்கவாட்டிலிருந்து நோக்கியபடி லென்சை அருகே கொண்டுவந்து, பின்பு கண்ணை வைத்துச் சிறு திருகால் விலக்கியபடியே தெளிவு காண வேண்டும். கருவியைத் தூக்கும்போது ஒரு கை அதன் வளைந்த கையைப் பிடிக்க, மறுகை அடியைத் தாங்க வேண்டும். இவற்றைச் சொல்லிப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும். கையில் படிய ஒரு வகுப்பு முழுவதும் வேண்டும்.

லென்சைத் துடைக்கக் கைக்குட்டையை எடுப்பவர்கள், அதிலுள்ள மணல் துகள் கண்ணாடியைக் கீறும் என்பதை நினைப்பதில்லை. அதற்கென்று உள்ள மென்தாளையே பயன்படுத்த வேண்டும். எண்ணெயைத் துடைக்கச் சைலீன் எடுத்தால், அது எளிதில் தீப்பற்றும் திரவம், அதன் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும் என்பதை மறவாமல், ஸ்பிரிட் விளக்கு எரியும் மேசையிலிருந்து விலகி, ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு துளி மட்டும் பயன்படுத்த வேண்டும். உடைந்த கவர் ஸ்லிப்பைக் குப்பைக் கூடையில் போட்டால், மறுநாள் அதை வெறுங்கையால் அள்ளும் துப்புரவுத் தொழிலாளியின் விரலை அது கிழிக்கும். அதற்குத் தனி டப்பா ஒன்று வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

'மெட்ராஸ் ஐ' பரவும் நாட்களில் ஒரே கண்ணருகு லென்சில் இருபது பேர் மாறி மாறிக் கண் வைப்பதைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். கண்சிவந்தவர் அன்றைக்கு நுண்ணோக்கியைத் தவிர்த்து, பின்னொரு நாள் அந்தப் பயிற்சியைச் செய்ய வாய்ப்பளிக்க வேண்டும். வருகைப் பதிவு போய்விடும் என்று அஞ்சி அவரும் வந்து கண் வைப்பதால்தான் வகுப்பு முழுவதற்கும் பரவுகிறது.

மேற்படிப்பில் காத்திருக்கும் விளக்கு

நம்மில் சிலர் எம்.எஸ்சி. செல்வர், சிலர் மருத்துவமனை ஆய்வுக்கூடங்களில் பணியேற்பர். அங்கே ஒளிர் நுண்ணோக்கி இருக்கலாம். அதன் பழைய வகைகளில் எரிவது பாதரச ஆவி விளக்கு. எரியும்போது அதனுள் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் பல பத்து மடங்கு உயரும். குறித்த மணிக்கு மேல் எரித்தால் வெடிக்கவும் கூடும். 100 வாட்டு விளக்குகளில் பலவற்றுக்கு அந்த வரம்பு 200 மணி அளவே. ஆகையால் எத்தனை மணி நேரம் எரிந்தது என்று பதிவேட்டில் குறித்துவர வேண்டும். அணைத்தபின் அரை மணி நேரமேனும் ஆறவிட வேண்டும். அதற்குள் மீண்டும் ஏற்றவோ, விளக்குக் கூண்டைத் திறக்கவோ கூடாது. அதன் புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் சுடும் என்பதால் தடுப்புத் தகட்டை அகற்றிவிட்டு நேரே பார்க்கலாகாது. வெடித்துவிட்டால் அறையிலுள்ளோர் உடனே வெளியேறி, கதவை மூடி, வெளிக்காற்று புகும் ஜன்னல்கள் வழியே பாதரச ஆவி வெளியேறும் வரை உள்ளே செல்லாதிருக்க வேண்டும்.

காலம் இப்போது மாறிவருகிறது. காசநோய்ச் சளிப் பரிசோதனைக்குப் பழைய ஒளிர் நுண்ணோக்கிகளுக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்குள்ளவற்றைக் கொள்ளலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் பரிந்துரைத்தது. பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. எல்.இ.டி. விளக்கு அதிகம் சூடாவதில்லை, நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதற்கும் 230 வோல்ட்டுச் சுவர் இணைப்புத்தான். நைந்த ஒயர் எந்த விளக்கின் பின்னால் இருந்தாலும் நைந்த ஒயரே.

அபராதம் தரும் பாதுகாப்பு

இனி, என் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். ஆய்வகத்தில் ஏதேனும் உடைந்தால் மாணவரிடம் உடைப்புக் கட்டணம் வசூலிப்பது பல இடங்களிலும் உள்ள வழக்கம். விடுதி மாணவருக்கு ஒரு வார நாஷ்டா செலவு என்பது சிறு தொகையன்று. அந்தத் தொகையை வீட்டில் கேட்டால், "படிக்கத்தானே அனுப்பினோம், உடைக்கவா அனுப்பினோம்?" என்ற கேள்வி வரும். இதன் விளைவு என்ன? ஒயரின் உறை பிய்ந்திருப்பதைக் கண்ட மாணவன் வாய் திறப்பதில்லை. சொன்னால் "நீதான் செய்தாயா?" என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். லென்சில் கீறல் விழுந்தால் அடுத்த பிரிவினர் தலையில் விடிந்துவிடட்டும் என்று அப்படியே பெட்டியில் வைத்துவிடுகிறான். இவ்வாறு ஒரு பிளக்கின் உடைந்த மூடி, மூன்று பிரிவு மாணவர் கைமாறிய பின்பே ஆசிரியர் கவனத்துக்கு வந்த நிகழ்ச்சி எனக்குத் தெரியும். யாருக்கும் எதுவும் நேரவில்லை என்பது தற்செயல். பணத்தைக் காக்க வந்த அபராதம், பழுதை மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது. மறைக்கப்பட்ட பழுதே மிகவும் ஆபத்தானது.

ஆசிரியர்களின் இக்கட்டையும் நான் அறியாமலில்லை. ஒவ்வொரு நுண்ணோக்கியும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பு நடக்கிறது. ஒரு லென்சு குறைந்தால் அவர்கள்தாம் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். ஒரே ஆசிரியர் முப்பது நாற்பது மாணவரைக் கவனிக்கும் வகுப்பில், எல்லாரும் திருகைத் திருகட்டும் என்று விடுவதும் எளிதன்று. "உடைந்தால் புதியது வாங்க எத்தனை ஆண்டு ஆகும் தெரியுமா?" என்று அவர்கள் கேட்டால் அதற்கு நம்மிடம் விடை இல்லை.

ஆயினும் பூட்டி வைப்பதும் கருவியைக் காப்பதில்லை. நம் ஊரின் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மரப்பெட்டிக்குள் மாதக் கணக்கில் அடைபட்ட லென்சில் பூஞ்சை படரும். பின்னர் அது கண்ணாடியையே அரித்துவிடும். அடிக்கடி எடுத்துத் துடைத்து, உலர்ந்த சிலிக்கா ஜெல்லோடு வைக்கப்படும் கருவியே நெடுநாள் உழைக்கும். பயன்படுத்தாத தையல் இயந்திரம் துருவேறுவதை நம் தாய்மார்கள் அறிவார்கள்.

1897 ஆகஸ்ட் 20-ஆம் நாள் செகந்திராபாத்தில் இரானால்டு ராஸ் என்ற இராணுவ மருத்துவர் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அவருடைய நுண்ணோக்கியின் திருகுகள் நெற்றி வியர்வையாலும் கை வியர்வையாலும் துருவேறியிருந்தன. எஞ்சியிருந்த ஒரே கண்ணருகு லென்சும் விரிசல் கண்டிருந்தது. புதுக் கருவி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தம் கருவியின் ஒவ்வொரு குறையையும் அவர் அறிந்திருந்ததால்தான் அதைக் கொண்டே வேலை செய்ய முடிந்தது. 1902-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. நம் கல்லூரிகளின் பழைய நுண்ணோக்கிகளும் அதைவிட மோசமானவை அல்ல.

செய்யக் கூடியவை

பெரும் பொருட்செலவு வேண்டாத நான்கு வழிகளைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, ஒவ்வோர் ஆண்டும் முதல் செய்முறை வகுப்பு நுண்ணோக்கிக்கே உரியதாகட்டும். அன்று ஸ்லைடும் படமும் வேண்டா. ஒவ்வொரு மாணவரும் கருவியைத் தூக்கி வைத்து, பிளக்கைப் பார்த்து, விளக்கை மாற்றி, குவியப்படுத்தித் துடைத்து, உறையிட்டு வைக்கட்டும். இரண்டாமாண்டு மாணவர்கள் முதலாண்டினருக்குத் துணை நின்றால் ஆசிரியரின் சுமை குறையும்.

இரண்டாவது, ஒவ்வொரு நுண்ணோக்கிக்கும் எண்ணிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டை அதனுடன் கட்டிவைக்கலாம். எடுக்கும்போது ஒயர், பிளக், லென்சு, விளக்கு ஆகியவை எந்நிலையில் இருந்தன என்று ஒரு வரி. வைக்கும்போது ஒரு வரி. அப்படியானால் பழுது எப்போது வந்தது என்பது தானே விளங்கும். முன்பே இருந்த பழுதுக்கு யாரும் பழி ஏற்க வேண்டியதில்லை.

மூன்றாவது, தாமாக முன்வந்து பழுதைச் சொல்லுபவரிடம் கட்டணம் வாங்கலாகாது. வேண்டுமென்றே சேதம் செய்பவரைத் தண்டிப்பது வேறு; வேலை செய்யும்போது நேர்வதை நேர்மையாகச் சொல்லுபவரைத் தண்டிப்பது வேறு.

நான்காவது, ஆய்வகத்தின் மின் இணைப்புகளை ஆண்டுக்கு ஒருமுறை மின் பணியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்சு ஒன்றை ஆய்வக இணைப்பில் பொருத்தினால், மாணவர் உயிருக்கு அது காவல்.

மாணவ நண்பர்களே! வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இங்கே தொடக் கிடைக்காத கருவி வேறோரிடத்தில் கிடைக்கக்கூடும். நம்மைப் போன்றோருக்கு இந்த ஆய்வகத்தை விட்டால் வேறு இடம் இல்லை. பட்டம் பெற்றுச் செல்லும் நாளில், நேர்முகத் தேர்வில் ஒருவர் நுண்ணோக்கியை மேசைமேல் வைத்து "குவியப்படுத்து" என்று சொன்னால், நம் கை தயங்கக் கூடாது. ஆகவே அஞ்சி ஒதுங்காமல், கேட்டுத் தெரிந்துகொண்டு தொடுவோம். பிய்ந்த ஒயரைக் கண்டால் அன்றே சொல்லுவோம். ஆசிரியப் பெருமக்களே! தாங்கள் எங்களை நம்பி அலமாரியின் சாவியைத் திறந்துவிடுங்கள். வரும் ஜூன் மாதத்தின் முதல் செய்முறை வகுப்பிலேயே இதைத் தொடங்கலாம்.